கல்லூரித் தேர்தலில் இன்னும் மனசை அரிக்கிற சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

பாலக்காட்டு பஸ்:
கேரளாவில் படித்தவர்களுக்கு யூயூசி, அதாவது யூனிவர்சிட்டி யூனியன் கவுன்சிலர் என்றால் தெரியும். பல்கலைக்கழக யூனியனைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அந்தப் பதவிக்குத்தான், அதனால் கல்லூரி யூனியன் சேர்மன் பதவியைவிட அடிதடி அதிகம். நான் சுயேச்சையாக நின்றேன். மனு பரிசீலனை நடக்கும்போது என்னை வழிமொழிந்த பையன் உள்ளே வந்து, "இது என் கையெழுத்து இல்லை சார்" என்றான். முந்தின ராத்திரி என் கட்டிலில் உட்கார்ந்து, என் பேனாவை வாங்கிப் போட்ட கையெழுத்து! தேர்தல் அதிகாரியான ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனுவைத் தள்ளுபடிக் கட்டில் வைத்தார். அவனை யார் மிரட்டினார்கள், இல்லை மிரட்டவே இல்லையா, இன்றுவரை கேட்கவில்லை.

மேடைச்செயலாளர்:
மனு போடவாவது விட்டார்களே! எங்கள் கல்லூரி கோவைப் பக்கம், தனியார். துறைத்தலைவர் கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கு ஷூ போட்டுட்டு வா" என்றார். மறுநாள் மேடையில் என் பெயரைச் சொல்லி, பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுக்க வைத்த பிறகுதான் நான் மாணவர் மன்றச் செயலாளர் என்பதே எனக்குத் தெரியும். கீழே யாரோ "எப்படா ஓட்டு போட்டோம்?" என்று கத்தினான். அந்தக் குரல் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. வருஷம் முழுக்கச் செய்த வேலை, சிறப்பு விருந்தினருக்கு நாற்காலி போட்டது.

ஜீலம் புல்வெளி:
மேடைச்செயலாளர், நியமனமே தப்பு என்கிற மாதிரி எழுதாதீர்கள். அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத இடத்தில் தற்காலிகமாக நியமனம் செய்யலாம் என்று, மாணவர் தேர்தலுக்கு விதி வகுத்த லிங்டோ குழுவே சொல்லியிருக்கிறது. தற்காலிகமாக என்பதைத்தான் கல்லூரிகள் வசதியாக மறந்துவிடுகின்றன, அது வேறு கதை. 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிகள் இவை. பாலக்காட்டு பஸ், நீங்கள் குறைதீர் குழுவுக்குப் போயிருக்க வேண்டும். மாணவர் நல டீன் மாதிரி ஒருவர் தலைமையில் அந்தக் குழு இருக்க வேண்டும், இறுதியாண்டு மாணவர் இரண்டு பேரும் அதில் உண்டு. தேர்தல் முடிவு வந்து மூன்று வாரத்துக்குள் புகார் கொடுக்கலாம். இனி நிற்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: 75 சதவீத வருகைப்பதிவு, அரியர் கூடாது, இளங்கலைக்கு வயது 22 வரை, செலவு 5000 ரூபாய்க்குள், அச்சடித்த போஸ்டர் கூடாது. வழிமொழிகிறவர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள். என் அனுபவமா? டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்தில் தேர்தல் கமிஷனே மாணவர்கள்தான். தலைவர் பதவிக்கு நிற்பவர்களின் விவாதத்தின்போது கூச்சல் அடங்காத கூட்டத்தை, கமிஷனில் இருந்த என் வகுப்புப் பெண் மைக்கைப் பிடித்து உட்கார வைத்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

வடக்கு வளாகம்:
5000 ரூபாயா, நல்ல ஜோக். 2024இல் டெல்லி பல்கலைக்கழகத் தேர்தல் சமயம் நான் அங்கே இருந்தேன். ரோடு தெரியாத அளவுக்கு வேட்பாளர் பெயர் அச்சடித்த துண்டுச்சீட்டு. சுவர்களைச் சுத்தம் செய்தால்தான் ஓட்டு எண்ணலாம் என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி, செப்டம்பரில் போட்ட ஓட்டுக்கு நவம்பரில்தான் முடிவு வந்தது. ஜூஸ் கடைக்காரர் ஒரு கட்டுச் சீட்டைப் பொறுக்கி வைத்திருந்தார். "சமோசா மடிக்க ஆகும்" என்றார்.