ஸ்காட்லாந்தில் ப்ளாக்டன் போகலாமா?

திருமங்கலத்துக்காரன்:
ஜூனில் எடின்பரோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம், அம்மாவும் வருகிறார். கூட்டமில்லாத சின்னக் கடலோர ஊரில் இரண்டு நாள் தங்க ஆசை. ப்ளாக்டன் என்ற ஊரின் புகைப்படத்தில் கரையோரம் பனைமரம் நிற்கிறதே, அந்தக் குளிரில் எப்படி? யாராவது போயிருக்கிறீர்களா?

மேலூர் அக்கா:
போயிருக்கிறோம் தம்பி. அது பனை இல்லை, பார்க்கத்தான் அப்படி. நியூசிலாந்து மரம், ஆங்கிலத்தில் முட்டைக்கோஸ் மரம் என்பார்கள். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் அந்த மேற்குக் கரையில் குளிர் அவ்வளவு கடுமை இல்லை, அப்புறம் ஊரும் கிழக்கே பார்த்து ஒதுங்கிய குடாவில் இருப்பதால் அந்த மரம் பிழைத்துக்கொள்கிறது. படகில் போனால் பாறைமேல் சீல் என்கிற கடல்நாய்கள், கண்மாயில் எருமை கிடக்கிற மாதிரி அசையாமல் கிடக்கும், அதைப் பார்க்கவே போகலாம். பக்கத்தில் பவளக் கடற்கரை என்று ஒன்று உண்டு. பெயர்தான் பவளம், எல்லாம் சுண்ணாம்பேறிய கடற்பாசித் துண்டுகள்.

வைகைக்கரை:
கார் வேண்டாம். இன்வர்னஸ் நகரிலிருந்து ப்ளாக்டனுக்கு ரயில் இருக்கிறது, 1897-இல் கைல் என்ற ஊர் வரை நீட்டிய பாதை, ஜன்னலோரம் பிடியுங்கள். ஆனால் மிட்ஜ் என்று ஒரு பொடிப்பூச்சி, சாயங்காலம் காற்று நின்றால் மொய்த்துவிடும், நம்ம ஊர்க் கொசுவே தேவலாம்.

திருமங்கலத்துக்காரன்:
நன்றி. பனை இல்லை என்றதும் அம்மா, "அப்ப நுங்கு கிடைக்காதா?" என்கிறார்.

மேலூர் அக்கா:
சரிதான்! ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.