ஜப்பான் ரீகண்டிஷன் காருக்கு ரீகோல் பொருந்துமா?

உப்புவெளி77:
2012 டொயோட்டா, ஜப்பானில் ஓடி 2014இல் இறக்கினது. இப்ப திருகோணமலையில் ஓடுது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தட்டுற சத்தம், அடிப்பக்கம் துரு. "கொம்பனிப் பிழை, ரீகோல் (பிழையைத் திருத்தக் கொம்பனியே காரைத் திருப்பிக் கூப்பிடுறது) இருக்கும்" எண்டு கராஜில சொல்றாங்க. எதுக்கு ரீகோல் வரும், எதுக்கு வராது? வந்திருந்தால் இங்க எப்பிடித் தெரியவரும்?

சீனக்குடா:
அந்தச் சத்தத்துக்கு ரீகோலைத் தேடிப் பயனில்லை. முன் சில்லைத் தாங்கும் புஷ், போல் ஜொயின்ட், லிங்க் எல்லாம் தேயிற சாமான்கள். கடற்காற்றில் துரு பிடிப்பதும் அப்படித்தான். ஜாக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தால் முதலில் போல் ஜொயின்ட். இடம் வலமாக ஆடினால் டை ரொட் எண்ட். இரண்டும் இறுக்கமாக இருந்தும் சத்தம் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ்.

ரீகோலுக்கு, பிழை வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ இருக்கவேண்டும், அதே தொகுதிக் கார்களில் திரும்பத் திரும்ப வரவேண்டும், உயிராபத்தையும் தொடவேண்டும். பிரேக், ஸ்டியரிங், தீ, ஓட்டத்தில் எஞ்சின் நின்றுபோவது, எயார் பேக் இவைதான் பெரும்பாலும். 2020இல் டென்சோ கொம்பனியின் பெற்றோல் பம்ப் நல்ல உதாரணம்: உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெற்றோலை உறிஞ்சி வீங்கி உறையில் உரசும், பம்ப் நிற்கும், கார் நடுரோட்டில் நிற்கும். ஜப்பானில் ரீகோலுக்குக் கீழே இன்னும் இரண்டு படி உண்டு. பாதுகாப்பைத் தொடாத தரக்குறை கடைசிப் படியான சேவிஸ் கம்பெய்னோடு முடிந்துவிடும்.

தம்பலகாமம்_ஸ்கானர்:
கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது ஜப்பானில் இருந்த பழைய சொந்தக்காரருக்குத்தான் போகும். சி.ஆர். எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி நம்பரையும் காரில் உள்ள பிளேட்டையும் ஒத்துப் பாருங்கோ: மாடல் குறி, ஒரு சிறு கோடு, பிறகு இலக்கங்கள். அதை டொயோட்டாவின் ஜப்பான் தளத்து ரீகோல் தேடலில் போட்டு, பிரவுசரில் மொழிபெயர்த்துப் படியுங்கோ. அமெரிக்கத் தளம் 17 எழுத்து எண் கேட்கும், ஜப்பான் உள்ளூர்க் காருக்கு அது கிடையாது. மாடலையும் ஆண்டையும் மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே மாதம் செய்த இரண்டு காரில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இராது.

முதலில் பார்க்கவேண்டியது டகாட்டா கொம்பனி செய்த எயார் பேக். பையை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் எரிந்து வாயு தரும் அமோனியம் நைட்ரேட். பல வகைகளில் ஈரம் உறிஞ்சும் மருந்து கிடையாது. வருஷக்கணக்கான சூடும் ஈரப்பதனும் சேர அமோனியம் நைட்ரேட் சிதைந்து, விபத்து நேரம் அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். இரும்புக் கூடு வெடித்துத் துண்டு பறக்கும். அமெரிக்காவில் புளோரிடா, ஹவாய் போன்ற சூடும் ஈரமும் உள்ள இடங்களுக்கு முதலிடம் கொடுத்தது இதனால்தான். திருகோணமலை எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. திருத்தாத கார்களை ஜப்பான் 2018 மே முதல் வாகனப் பரிசோதனையில் மறிக்கத் தொடங்கியது. உங்கள் கார் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டது.

உப்புவெளி77:
பாத்தன். சாரதி பக்கம் செய்திருக்கு, பயணி பக்கம் செய்யேல்ல எண்டு காட்டுது. ஆனா எஸ்.ஆர்.எஸ். எண்ட எயார் பேக் எச்சரிக்கை லைட் எரியேல்ல.

சீனக்குடா:
அந்த லைட் வயரிங்கையும் சென்சரையும்தான் பார்க்கும். உள்ளே அமோனியம் நைட்ரேட் கெட்டிருப்பது அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் தனித்தனி ரீகோல், ஒன்று முடிந்தால் மற்றதும் முடிந்தது என்று கணக்கில்லை.

தேடலில் வந்த பக்கத்தை அச்செடுத்து, சி.ஆர். பிரதியோடு கொழும்பு டொயோட்டா ஏஜென்டுக்கு எழுத்தில் கேளுங்கோ. காரை இறக்கியது அவர்கள் இல்லை, அதனால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு போகவேண்டாம். சாமான், கூலி இரண்டுக்கும் பதில் கேளுங்கோ. வேலை முடியும்வரை முன் இடது சீற்றில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம்.

பழைய சாமான் கடையில் கழற்றின எயார் பேக் போடவே வேண்டாம், அதுவும் அதே தொகுதியாக இருக்கலாம். எயார் பேக்கின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீற்றர் வைப்பதும் கூடாது, அந்தச் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம். டாஷ்போர்ட் கழற்றுகிற எந்த வேலைக்கும் பெட்டரி மைனஸ் கழற்றிக் குறைந்தது 90 செக்கன் விடவேண்டும். ஹைபிரிட் என்றால் 12 வோல்ட் பெட்டரி பின் டிக்கியில் இருக்கலாம், பொனெட்டைத் திறந்து தேடிக்கொண்டு நிற்காதேங்கோ.