கலைச்சொல்: ‘கெஸ்ட் ஷெல் அக்கவுண்ட்’ – விருந்தினரா, வருகையாளரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் சார்ந்த கட்டற்ற இயங்குதளமான டெபியனுக்குரிய வழிகாட்டியின் தமிழ் வரைவில், ‘கெஸ்ட் ஷெல் அக்கவுண்ட்’ என்பதற்கு ‘விருந்தினர் ஓட்டுக் கணக்கு’ என்று ஓரிடத்தில் கண்டேன். ஓட்டுக் கணக்கு என்றால் தேர்தல் முடிவு என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். டெபியன் பல வகை நுண்செயலிகளில் இயங்குவது. ஒரு மென்பொருள் தொகுப்பு என் மடிக்கணினியில் ஒழுங்காக உருவாகும். ஐபிஎம் பெருங்கணினிக்கான எஸ்390எக்ஸ் வகையில் மட்டும் சோதனையில் விழும். அங்கே எண்ணின் உயர்மதிப்பு பைட் முன்னால் நிற்கும், நம் இன்டெல் கணினியில் பின்னால் நிற்கும் என்பது பல நேரம் காரணம். அதற்காக ஒரு பெருங்கணினியை வாங்கி வீட்டுக் கூடத்தில் வைக்க முடியுமா? இதற்கென்றே, இணையம்வழி நுழைந்து சோதித்துப் பார்க்க, டெபியன் ‘போர்ட்டர்பாக்ஸ்’ என்ற கணினிகளை வைத்திருக்கிறது. டெபியன் உறுப்பினர்கள் நேரே நுழையலாம். உறுப்பினரல்லாத பங்களிப்பாளர், எதற்காக என்ற காரணத்தைச் சொல்லி, பயன்பாட்டு விதிகளை ஏற்பதாக ஜிபிஜி என்ற மென்பொருளால் மின்கையொப்பமிட்டு, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் பொதுச்சாவியும் கொடுத்துக் கேட்டுப் பெற வேண்டும். அப்படிப் பெறுவதுதான் ‘கெஸ்ட் ஷெல் அக்கவுண்ட்’. அந்த அனுமதிக்கும் காலக்கெடு உண்டு.

இனி ஷெல். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல் அது. 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளப் பணியின்போது பிரெஞ்சுக் கணினி அறிஞர் லூயி புசான் இட்ட பெயர் இது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் பருப்பு, ஷெல் அதை மூடிய ஓடு என்பது உவமை. கெர்னலுக்குக் ‘கருனி’ என்று நாம் பெயர் வைத்தபோதே அந்த ஜோடி பிரிந்துவிட்டது. கருனிக்கு ஏது ஓடு? தவிர, நிரலை ‘ஓட்டு’கிற துறையில் ‘ஓடு’ ஏவலாகவும் ஒலிக்கும். அனுமதி கேட்டு நிற்பவர் கையில் ஓட்டைக் கொடுத்தால் திருவோடு ஆகிவிடும். ஷெல் ஷெல்லாகவே இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது ‘விருந்தினர்’. விருந்தினரை நாம் அழைக்கிறோம், வேலை வாங்குவதில்லை, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்பதுமில்லை. இங்கே மூன்றும் தலைகீழ். விருந்து என்றால் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் புதுவகைச் செய்யுளுக்கு அப்பெயரை வைத்திருக்கிறது. ஆனால் தொல்காப்பியரே துணைக்கு வந்தாலும் இன்று படிப்பவர் மனத்தில் வாழை இலைதான் விரியும். பல்கலைக்கழகங்களில் ‘வருகைதரு பேராசிரியர்’ இருக்கிறார். வந்து பாடம் நடத்திவிட்டுத் தவணை முடிந்ததும் போகிறவர். அதையொட்டி ‘வருகையாளர் ஷெல் கணக்கு’ என்கிறேன்.

மறுமொழி:

ஐயா, ஷெல்லைப் பற்றிச் சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் ‘வருகையாளர்’ என்றால் அருங்காட்சியக வாசலில் டிக்கெட் வாங்கி நிற்பவர் போல இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஏணி கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தருவதை ‘இரவல்’ என்கிறோமே. ‘இரவல் கணக்கு’ என்றால் என்ன?

மறுமொழி:

நல்ல சொல், எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருக்கிறது. ஆனாலும் ‘இரவல் கணக்கு’ என்றால் அடுத்தவர் கணக்கைக் கடவுச்சொல்லோடு வாங்கிப் புழங்குவதாகப் படும். எந்த நிர்வாகியும் பொறுக்காத காரியம் அது. இங்கே கணக்கு கேட்டவர் பெயரிலேயே இருக்கும். இரவல் கணினி மட்டுந்தான். ஆகவே உங்கள் சொல்லை வாக்கியத்தில் சேர்த்துக்கொள்கிறேன்: “போர்ட்டர்பாக்ஸை இரவல் பெற, வருகையாளர் ஷெல் கணக்குக்கு விண்ணப்பியுங்கள்.” வரைவை இப்படியே திருத்தப் போகிறேன். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.