ஒரு தளத்தை இரண்டு டொமைனாகப் பிரிக்கிறோம், கூகுள் தேடலில் இடம் போகாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானல் பூம்பாறையில் எங்கள் குடும்பம் ஹோம்ஸ்டேயும் மலைப்பூண்டு விற்பனையும் நடத்துகிறது. இரண்டுக்கும் இதுவரை ஒரே இணையதளம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தளத்திலும் பூண்டுப் பக்கங்கள்தான் தேடலில் முன்னால் நிற்கின்றன. இப்போது இரண்டுக்கும் தனித்தனி டொமைன் (இணைய முகவரி) என்று பிரிக்கப் போகிறோம்.

ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்புவது) செய்ய வேண்டும், எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிடக் கூடாது, குறைந்தது ஒரு வருடமாவது அதை எடுக்கக் கூடாது என்பது வரை தெரியும். பழைய டொமைனையும் புதுப்பித்து வைத்திருப்போம், அது போனால் ரீடைரக்டும் போய்விடுமே.

சிக்கல் என்னவென்றால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் உள்ள முகவரி மாற்றும் கருவி ஒரு புதிய முகவரியைத்தான் ஏற்கும். எங்களுக்கோ இரண்டு. கருவியை விட்டுவிட்டு ரீடைரக்டையும் சைட்மேப்பையும் (கூகுளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியல்) மட்டும் நம்பலாமா? இல்லை, பூண்டுப் பக்கங்களை முதலில் நகர்த்தி, அது நிலைத்த அப்புறம் மற்றதைத் தொடலாமா? ஏப்ரல், மே சீசன் முன்பதிவு பெரும்பாலும் தேடல் வழியாகத்தான் வருகிறது, அந்த நேரத்தில் கை வைக்க எனக்கு மனமில்லை.

இப்படித் தளத்தைப் பிரித்தவர்கள் எதை முதலில் நகர்த்தினீர்கள், பழைய இடம் திரும்ப எவ்வளவு நாள் ஆனது என்று தயவுசெய்து எழுதுங்கள்.