நம்ம வீடு குழு: கொல்லைக்கு மணல் வேண்டாம்

வெள்ளி, மாலை 6:10

சித்தப்பா: நாளைக் காலைல கொல்லைக்கு மணல் வருது. வாசல்ல வண்டி எதையும் நிறுத்தாதீங்க

தம்பி: சரிப்பா

அத்தை: மணல் எதுக்குடா?

சித்தப்பா: களிமண்ணுக்குக்கா. கலந்துவிட்டா பொலபொலன்னு ஆயிடும். போன பட்டம் கத்தரி பூரா வேர் அழுகிப் போச்சுல்ல

அத்தை: லாரிக்காரருக்கு இப்பவே போன் போடு. வேண்டாம்னு சொல்லு

பெரியப்பா: நான்தான் போடச் சொன்னேன்

அத்தை: அண்ணே, எத்தனை கன அடி வருது?

சித்தப்பா: 25

அத்தை: அப்ப கேளுங்க. பாத்தி இருபதுக்குப் பத்து, 200 சதுர அடி. மேல் ஆறு அங்குலம்னு வச்சுக்கிட்டாலே 100 கன அடி மண்ணு. அதுல 25 கன அடி மணலைக் கலந்தா மணல் அஞ்சுல ஒரு பங்குதான். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. மணல் கொஞ்சமா இருந்தா ஒவ்வொரு மணியையும் சுத்திக் களி அடைச்சுக்கும். காஞ்சதும் செங்கல் மாதிரி இறுகும், மண்வெட்டி இறங்காது. மணல் உண்மையிலேயே வேலை செய்யணும்னா பாதிக்குப் பாதி வேணும், அதாவது இன்னொரு 100 கன அடி, நாலரை டன் கிட்ட வரும். அத்தனையும் போட்டாலும் மணல்ல சத்து ஒண்ணும் கிடையாது. களிமண்ணை இளக்கறது மக்குதான், அதாவது மக்கின உரம். மக்கு களித்துகளை ஒட்டி உருண்டை உருண்டையா ஆக்கும், உருண்டைக்கு நடுவுல காத்தும் தண்ணியும் போகும்

அக்கா: அத்தை சொல்றது சரி. மணல் வேண்டாம்ப்பா

பெரியப்பா: களிதான்னு எப்படிச் சொல்றே? பார்த்தியா?

அத்தை: பார்க்கலாம். தம்பி, நேரான பாட்டில் ஒண்ணு எடு, இடுப்பு குறுகினது வேண்டாம். மேல் மண்ணை வழிச்சுட்டு நாலஞ்சு அங்குல ஆழத்துல அஞ்சு இடத்துல எடுத்துக் கலந்து, கல்லு, வேரு பொறுக்கிட்டு, பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போடு. மீதித் தண்ணி. ஒரு ஸ்பூன் துணி சோப்புத்தூள் போட்டாத்தான் களி ஒட்டாம பிரியும். பத்து நிமிஷம் நல்லாக் குலுக்கி அசையாம வை. ஒரு நிமிஷத்துல கீழே நிக்கிறது மணல், கோடு போடு. ரெண்டு மணி நேரத்துல வண்டல், கோடு போடு. களிக்கு ரெண்டு நாள் ஆகும்

தம்பி: 👍

மாமா: என்கிட்ட ரெண்டு மூட்டை சாம்பல் இருக்கு. அதைப் போட்டாலும் மண்ணு இளகும்

அக்கா: மாமா 🙏 சாம்பல் வேண்டாம். மண்ணுல வினிகர் ஊத்திப் பார்த்தோமா?

மாமா: எதுக்கு?

அக்கா: காஞ்ச மண்ணுல வினிகர் விட்டு நுரைச்சா சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்குன்னு அர்த்தம். சாம்பல் அதுக்கு மேல காரத்தன்மையை ஏத்தும். இரும்பு, துத்தநாகம் மண்ணுலயே இருந்தும் செடிக்குக் கிடைக்காது. புது இலை நரம்பு பச்சையா, நடுவுல மஞ்சளா வரும்

சித்தி: மிளகாய்ச் செடி அப்படித்தான் வந்துச்சு!

தம்பி: வினிகர் ஊத்தினேன். சோடா மாதிரி நுரைக்குது

அக்கா: அப்ப சாம்பல் கூடவே கூடாது

அத்தை: நுரைக்காத மண்ணா இருந்தாலும் நூறு சதுர அடிக்கு அரைக் கிலோதான் அளவு. பச்சைச் சாணத்தோட சேர்த்துப் போடவே கூடாது, தழைச்சத்து, அதான் நைட்ரஜன், அமோனியாவாக் காத்துல போயிடும்

மாமா: அப்ப மூட்டைய என்ன பண்ண

அக்கா: முதல்ல சருக எரிக்கறத நிறுத்துங்க மாமா. எரிக்கறது பூரா நம்ம உரம்

அத்தை: அந்த வேப்ப மரம் நின்னிருந்தா சருகுக்கு அலையவே வேண்டாம்

பெரியப்பா: அத இப்ப எதுக்கு எடுக்கறே

சித்தி: அண்ணி, இலையப் பத்தி மட்டும் பேசுவோமே

சித்தப்பா: லாரிக்காரர் எடுக்கல

தம்பி: கடப்பாரை யார்கிட்ட இருக்கு? ஓட்டை தோண்டணும்னு அத்தை தனியா மெசேஜ் போட்டாங்க

மாமா: உங்க வீட்லதான்

தம்பி: இல்ல மாமா

சித்தி: போன வருஷம் குழாய் போட எடுத்தாங்க. திரும்ப வரல

பெரியப்பா: மண்வெட்டியாலயே தோண்டு. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம். நிறையத் தண்ணி ஊத்து, பூரா வடியட்டும். மறுபடி நிறைச்சு ஒரு மணி நேரத்துல எத்தனை சென்டிமீட்டர் இறங்குதுன்னு அளந்து போடு. முதல் தடவை காஞ்ச மண்ணு குடிக்கறத கணக்குல எடுக்காதே

அத்தை: அண்ணே சொன்னது சரி. எடுத்த மண்ணுல மண்புழு எத்தனைன்னும் எண்ணு. பத்துக்கு மேல இருந்தா நல்ல மண்ணு


ஞாயிறு, மாலை 7:25

தம்பி: 📷 படம்
மொத்தம் 12 செ.மீ. மணல் 3, வண்டல் 3.5, களி 5.5

அக்கா: களி 46 சதவீதம். சந்தேகமே இல்ல, களிமண்

தம்பி: ஒரு மணி நேரத்துல 1 செ.மீ. தான் இறங்குச்சு. மண்புழு 2. எட்டு அங்குலத்துல கெட்டித் தளம் மாதிரி தட்டுது

அத்தை: வருஷா வருஷம் ஒரே ஆழத்துக்குக் கொத்தினா அந்தத் தட்டு உருவாகும். வேர் அழுகினது அதுக்கு மேல நின்ன தண்ணியால. மணிக்கு 2.5லேர்ந்து 5 செ.மீ. இறங்கணும். இப்ப இருக்கறதுக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம், ஆறு எட்டு அங்குல உயரம், நாலடி அகலம், நடுவுல ஒன்றரை அடி நடைபாதை. பாத்திக்கு மேல யாரும் கால் வைக்கக் கூடாது. தட்டை கடப்பாரையால அடிக்கு ஒரு இடத்துல குத்தி நெம்பி விடணும், புரட்டக் கூடாது. அடி மண்ணு மேல வந்தா மேல மறுபடி இறுகிடும்

சித்தி: இப்பவே குத்தலாமா? நேத்து மழை பெய்ஞ்சுதே

அத்தை: கூடாது. ஈரக் களியக் கிளறினா கட்டி கட்டியா இறுகும், அந்தச் சேதம் பட்டம் பூரா இருக்கும். கையில ஒரு உருண்டை பிடிச்சு விரலால தட்டிப் பாருங்க. உதிர்ந்தா வேலை செய்யலாம். பள்ளம் விழுந்து அப்படியே நின்னா காத்திருக்கணும்

சித்தப்பா: அக்கா, மணல் வந்து இறங்கிடுச்சு. போன் எடுக்கல, காலைலேயே கொட்டிட்டுப் போயிட்டார்

அத்தை: 😔

அக்கா: நடைபாதைல கொட்டிக்கலாம் சித்தப்பா. மேல சருகு போட்டுக்கலாம்

பெரியப்பா: இந்த விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன். மேற்கொண்டு என்ன செய்யணும்னு சொல்லு

அத்தை: நடவுக்கு 90 நாள் இருக்கு அண்ணே, அதுக்குள்ள நல்லாவே பண்ணலாம். 200 சதுர அடிக்கு ரெண்டு அங்குலம் மக்கு வேணும்னா 20 லிட்டர் வாளியில 47 வாளி. மூலைக் குவியல்ல எவ்வளவு இருக்கும்?

தம்பி: 15 வாளி வரும்

அத்தை: அப்ப பாதிப் பாத்திக்குத்தான் வரும், அதுக்கும் ஒண்ணேகால் அங்குலம். அதை மேலாகவே பரப்பி மேல் நாலு அங்குலத்தோட கலந்தாப் போதும். மீதிப் பாதியில சணப்பு விதைங்க, அது மண்ணுலயே மடக்கி உரமாக்கற பசுந்தாள் செடி. 100 சதுர அடிக்கு 50 கிராம் போதும். 45 நாள்ல மொட்டு வரும்போது அறுத்து, துண்டு துண்டா நறுக்கி மண்ணோட கலக்கணும். பூத்து முடிஞ்சு தண்டு முத்திடுச்சுன்னா மக்க ரொம்ப நாள் எடுக்கும், அதுக்குள்ள நுண்ணுயிர் மண்ணுல இருக்கற தழைச்சத்தை எடுத்துக்கும், நாத்து வெளுத்து நிக்கும். கலந்த பிறகு 15லேர்ந்து 20 நாள் விட்டு நடணும். 70 நாள்ல முடியும்

மாமா: தக்கைப்பூண்டு போடலாமே. தண்ணி நிக்கற இடத்துக்கு அதுதானே

அத்தை: அது சரியான யோசனை. தண்ணி தேங்கற பக்கத்துக்கு அதையே போடுங்க

மாமா: 😊

பெரியப்பா: நான் ஒரு டிரெய்லர் பச்சைச் சாணம் சொல்லி வச்சிருக்கேன்

அக்கா: அப்பா, கீரை எங்க போடறோம்?

பெரியப்பா: கிணத்துப் பக்கம்

அக்கா: அங்க பச்சைச் சாணம் வேண்டாம். மண்ணோட ஒட்டற, பச்சையாச் சாப்பிடற விளைச்சலுக்கு சாணம் போட்டு 120 நாள் ஆகணும். மண்ணுல படாததுக்கு 90. இன்னிக்கே போட்டாக்கூடக் கீரை 115வது நாள் அறுப்பு வந்துடும். கத்தரிப் பக்கம் போடலாம், ஆனா இன்னிக்கே போடணும், அடுத்த மாசம்னா வேண்டாம்

அத்தை: போடறதுக்கு பதில் குவியலாப் போட்டு மக்க வைக்கறதே நல்லது. பச்சையாப் போட்டா அதுல வர்ற புல் விதை பூரா நம்ம பாத்தியில முளைக்கும். குவியல் மூணடி நீளம், அகலம், உயரம் இருக்கணும், சின்னதா இருந்தா சூடு ஏறாது. காஞ்ச சருகு ரெண்டு பங்கு, பச்சை இலையும் சாணமும் ஒரு பங்கு. கையில பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், ஓடக் கூடாது. உள்ள 55 டிகிரி தாண்டினாத்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். இரும்புக் கம்பி ஒண்ணு பத்து நிமிஷம் குத்தி வச்சு எடு, பிடிக்க முடியாம சுட்டா சரி. சூடு இறங்கினதும் புரட்டு, வெளியில இருக்கறது உள்ள போகணும். நாத்தம் வந்தா ஈரம் அதிகம், சருகு சேரு. சுடவே இல்லன்னா ஈரமோ பச்சையோ குறைவு

சித்தி: தச்சர்கிட்ட மரத்தூள் ரெண்டு சாக்கு கிடைக்கும், எடுக்கவா?

அத்தை: மண்ணுல கலக்கக் கூடாது. மரத்தூள்ல கார்பன் ஒரு 400 பங்குன்னா தழைச்சத்து ஒரு பங்கு, சருகுல அது அறுபதுக்கு ஒண்ணுதான். கலந்தா நுண்ணுயிர் நம்ம மண்ணுலேர்ந்து தழைச்சத்தை இழுத்துக்கும். நடைபாதைல மேலாப் போடலாம். பிளைவுட் தூள்னா வேண்டவே வேண்டாம், பசை இருக்கும்

தம்பி: அத்தை, வைக்கோல் ஒரு கட்டு சும்மா தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்

அக்கா: களைக்கொல்லி அடிச்ச வயலா கேளு. சில மருந்து வைக்கோல்ல, சாணத்துல, மக்குலகூட அப்படியே நிக்கும்

அத்தை: கேட்டாலும் சோதிச்சுப் பார்க்கணும். ஒரு தொட்டில அந்த வைக்கோலை மண்ணோட கலந்து, இன்னொண்ணுல வெறும் மண்ணு. ரெண்டிலயும் பீன்ஸ் விதை நாலு. மூணு வாரம் பாரு. முதல் தொட்டில புது இலை கரண்டி மாதிரி சுருண்டா அந்த வைக்கோல் வேண்டாம். டிரெய்லர் சாணத்துக்கும் இதையே செய், அண்ணே

பெரியப்பா: சரி. ஒரு வாளி மட்டும் முதல்ல கொண்டு வரச் சொல்றேன்

அக்கா: அப்பா அப்படின்னா கத்தரிப் பக்கம் பச்சையாப் போடற கணக்கு தள்ளிப் போகும். குவியலே பண்ணிடலாம்

பெரியப்பா: பார்ப்போம்

சித்தி: முட்டை ஓடு ஒரு டப்பா சேர்த்து வச்சிருக்கேன், அது?

அக்கா: நுரைக்கற மண்ணுக்கு சுண்ணாம்பு தேவையில்ல சித்தி. முழுசாப் போட்டா வருஷக்கணக்குல கிடக்கும், குவியல்ல நொறுக்கிப் போட்டுடுங்க

சித்தப்பா: மொத்தமா மண் பரிசோதனையும் கொடுத்துடலாமா?

அத்தை: கட்டாயம். எதுவும் கலக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும். மேல சருகு வழிச்சுட்டு வி வடிவத்துல 15 செ.மீ. வெட்டி, பக்கத்துலேர்ந்து ஒரே கனத்துல ஒரு சீவல். எட்டு பத்து இடம், வரப்போரம், குவியலோரம் வேண்டாம். கலந்து நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டை வச்சுக்கோ, அரைக் கிலோ வர்ற வரைக்கும் இதையே செய். நிழல்ல உலர்த்தணும்

மாமா: சாணம் போடறதுக்கு முன்னாடி எடுத்திடு மாப்ளே, மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே அதிகமா இருந்தாலும் இருக்கும். வருஷா வருஷம் கொட்டியிருக்கோம்

அத்தை: 👏 அதுதான் முக்கியம்

தம்பி: நாளைக்கு எடுக்கறேன். கடப்பாரை?

சித்தி: யாரும் பதில் சொல்லல பாருங்க

மாமா: நான் வேற ஒண்ணு கேட்டுப் பார்க்கிறேன்

பெரியப்பா: சணப்பு விதை வாங்கி வைக்கிறேன். எந்தப் பாதின்னு முடிவு பண்ணியாச்சா?

அக்கா: கிணத்துப் பக்கம்

அத்தை: சுவர்ப் பக்கம்

சித்தப்பா: மணல் இப்ப சுவர்ப் பக்கம்தான் கிடக்கு