உறைவிந்துக் குச்சியில் முருங்கை இலைச்சாறு சேர்க்கலாமா?

கேள்வி (திருப்புல்லாணி, பசு வளர்ப்பவர்)

சேதுக்கரைக்குப் போகும் வழியில் நான்கு கறவைப் பசுக்களையும் சில கொடி ஆடுகளையும் வளர்க்கிறேன். ஒரு பசு மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்காமல் மீண்டும் பருவத்துக்கு வந்துவிட்டது. முருங்கை இலைச்சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் உறைவிந்தின் (குச்சி எனப்படும் மெல்லிய குழலில் அடைத்து உறைய வைத்த விந்து) தரத்தைக் காக்கும் என்று படித்தேன். ஊசி போடுவதற்கு முன் அவற்றைச் சிறிது சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் (கால்நடை மருத்துவர்)

ஐயா, தயவுசெய்து சேர்க்க வேண்டாம். விந்தணுவின் மேலுறையில் ஆக்சிஜனால் எளிதில் கெடும் கொழுப்பு மிகுதி. உறையும்போதும் உருகும்போதும் அந்தக் கொழுப்பு சிதைவதால் மேலுறை கிழிந்து அணு நீந்தும் திறனை இழக்கிறது, இறந்த அணுக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு பக்கத்திலுள்ள நல்ல அணுக்களையும் கெடுக்கிறது. அந்தச் சேதத்தைத் தடுக்க வேண்டிய பொருள், முட்டை மஞ்சள்கரு, டிரிஸ் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பொருள்), கிளிசரால் (உறைவதால் வரும் சேதத்தைக் குறைக்கும் பொருள்) சேர்ந்த கரைசலில் விந்துவை நீர்க்கச் செய்யும்போதே உள்ளே இருந்தாக வேண்டும். 0.25 மில்லிலிட்டர் குச்சியில் அடைபட்டு மைனஸ் 196 டிகிரியில் உறைந்து முடிந்த விந்துவில் பிறகு எதைச் சேர்த்தாலும் நடந்த சேதம் திரும்பாது. அளவு கூடினால் இயற்கைச் சாறும் அணுக்களைக் கொல்லும். வீட்டில் அரைத்த சாற்றில் கிருமியும் இருக்கும்.

பதில் (சினை ஊசி போடுபவர், சாயல்குடி)

மருத்துவர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சொல்கிறேன். தொடக்கத்தில் குச்சியை உள்ளங்கையில் வைத்தே உருக்கினேன். பல பசுக்கள் சினை பிடிக்கவில்லை, தவறு என்னுடையதே. இப்போது ஃபிளாஸ்க்கில் 37 டிகிரி வெந்நீர் வைத்து, குச்சியை அரை நிமிடம் மூழ்கவிட்டு, ஒரு சொட்டு நீரும் ஒட்டாமல் துடைத்த பிறகே முனையை வெட்டுகிறேன், ஏனெனில் நீர் பட்டால் அணு செத்துவிடும். நம் கடற்கரை வெயிலில், குச்சிகளை வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேனின் கழுத்துக்கு மேல் குச்சிகளைத் தூக்கிவைத்துத் தேடும் சில நொடிகளே போதும், தரம் இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஆடுகளுக்கும் இதே முறைதானா?

பதில் (கால்நடை மருத்துவர்)

உருக்கும் முறை ஏறக்குறைய இதுவே. ஆனால் கிடாயின் விந்துநீரில் உள்ள ஒரு நொதி மஞ்சள்கருவோடு சேர்ந்து அணுவுக்கே நஞ்சாவதால், உறைய வைக்கும் முன் விந்துநீரைக் கழுவி நீக்குவார்கள், அல்லது மஞ்சள்கருவுக்குப் பதிலாகச் சோயா லெசித்தினை (சோயாவிலிருந்து எடுக்கும் கொழுப்புப் பொருள்) பயன்படுத்துவார்கள். உங்கள் பசுவைப் பொறுத்தவரை, மூன்று முறை தவறியதால் அடுத்த ஊசிக்கு முன் கருப்பையைப் பரிசோதித்துவிடுங்கள்.