பார்க்கவே முடியாத கிரகத்தில் என்ன வாயு என்று எப்படித் தெரியும்?

பாம்பன்காரர்:
எனக்குப் பாம்பன். கரண்ட் போன ராத்திரியில் குந்துகால் பக்கம் போனால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். ஒன்பதாவது படிக்கும் மகள் அங்கே வைத்துக் கேட்டாள்: 700 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாஸ்ப்-39பி கிரகத்தில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022இல் கண்டுபிடித்ததாமே, கிரகத்தைப் படமே எடுக்காமல் எப்படி? அவளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

மண்டபம் வாத்தியார்:
அருமையான கேள்வி. அந்தக் கிரகம் ஏறக்குறைய நாலு நாளுக்கு ஒரு தடவை தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகிறது. அப்போது நட்சத்திர வெளிச்சத்தில் கொஞ்சம், கிரகத்தின் காற்றுக்குள் புகுந்து நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது 4.3 மைக்ரான் பக்கம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த அலைநீளத்தில் மட்டும் நட்சத்திரம் கூடுதலாக மங்கும். எவ்வளவு வெளிச்சம் மறைகிறது என்று காட்டும் வரைபடத்தில் அங்கே ஒரு மேடு எழும்பும். எனக்கு அந்த மேட்டைப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

தொண்டி வாசகி:
இதைத் தரையிலிருந்து பார்ப்பது கஷ்டம். நம் காற்றிலும் அதே வாயு இருக்கிறதே! அதனால்தான் ஜேம்ஸ் வெப்பை விண்வெளியில் வைத்திருக்கிறார்கள். அது சூடாகாமல் இருக்க, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்து அடுக்கு வெயில் மறைப்போடு நிறுத்தியிருக்கிறார்கள்.

பாம்பன்காரர்:
புரிந்தது, நன்றி. அங்கே உயிர் இருக்குமா?

மண்டபம் வாத்தியார்:
வாய்ப்பில்லை. அது சனியின் எடையுள்ள வாயுக் கோளம், சூடு 900 டிகிரி. மகளிடம் முதலில் அந்த வரைபடத்தைக் காட்டுங்கள், நாசா தளத்தில் இருக்கிறது. மேடு எங்கே என்று அவளே தேடட்டும்.